உக்கிராணக்காரரே, கணக்கு எங்கே?

சீமையிலே இங்கிலாந்து சபை என்பதாக ஒரு மத ஸ்தாபனம் இருக்கிறது. அதற்குத் தலைவர் அந்நாட்டு ராஜாவேயாவார். நம் பக்கங்களில் 1947க்கு முன் எஸ். பி. ஜி. சபை என்றும், சி. எம். எஸ். சபை என்றும் சொல்லப்பட்டு வந்தவைகளுக்கெல்லாம் தாய் வீடு அதுதான். அந்தச் சபையார் தேசம் முழுவதையும் சேகரம் சேகரமாகப் பிரித்து, சேகரத்துக்கு ஒரு கோவில், ஒரு குரு, ஒரு கல்லறைத் தோட்டம் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு சேகரத்தார் ஆண்டு முழுவதும் செய்கிற காரியங்களையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் மூன்றில் அடங்கிவிடும். அதாவது செத்தவர்களை நினைப்பது, பண்டிகை கொண்டாடுவது, பணம் சேர்ப்பது ஆகிய மூன்றுமேயாகும்.

மூன்றாவது காரியத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "உக்கிராணத்துவம்" என்பது. உலகத்திலுள்ள சொத்தெல்லாம் கடவுளுடையது; மனிதன் அதைக் காத்துவரும் உக்கிராணக்காரன் மாத்திரமே; ஆகையால் கடவுளுடைய பங்கைக் கடவுளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது இதன் தத்துவம். கடவுள் நேரில் வந்து வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பதில்லையாகையால், அந்தப் பங்கைக் கோவிலாரே வாங்கி வைத்துக்கொள்ளுகிறார்கள். அதிருக்கட்டும். அவர்களுடைய வேதத்திலேயே ஒரு எசமான் தன் உக்கிராணக்காரனைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்ட கதையொன்று இருக்கிறது. நாமும் இன்று அந்தக் கணக்கைத்தான் கேட்கப் போகிறோம். கோவில் மானியத்தையும் மடத்துச் சொத்தையும் தின்று கொழுத்துக் கிடக்கும் நம்மூர்ப் பேர்வழிகள் இதைப் படித்துவிட்டுக் கைகொட்டிச் சிரிக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் கணக்காவது கேட்டால் வெளியே வருகிறது. இவர்கள் கணக்கோ சுவடிக்கட்டோடு எலி வளைக்குள் போய்விட்டது.

முதலாவது செத்தவர்களை நினைக்கும் விஷயத்தைப் பார்ப்போம். ஆண்டுதோறும் நவம்பர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்நாட்டுச் சேகரத்தார் சட்டையில் சிவப்புக் காகிதப் பூவைக் குத்திக்கொண்டு, ஊர் நடுவிலுள்ள யுத்த ஞாபகக் கல்லின் முன்னே கூடி, இரண்டு நிமிஷம் வாய் பேசாமல் நிற்கிறார்கள். 1919-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி துவக்கப்பட்ட வழக்கம் அது. மறு ஆண்டில், ஒரு பட்டாளத்துப் பாதிரியாரின் யோசனைப்படி, பேர் தெரியாத ஒரு சிப்பாயின் உடலைக் கொண்டுவந்து, ராஜாக்களைப் புதைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் கோவிலிலேயே புதைத்தார்கள். மகனையும் புருஷனையும் பறிகொடுத்த லக்ஷக்கணக்கான பெண்கள், அது தம்முடையவனாக இருக்கக்கூடாதா என்று எண்ணி அங்கே வந்து அழுதார்கள். அந்த அழுகையைப் பரிகாசம் செய்வது நமது வேலையல்ல. துக்கப்படுகிறவனைத் துக்கப்பட விடுவதுதான் மனுஷத் தன்மை.

ஆனால் அந்தச் சிப்பாய்களைச் சாக அனுப்பினபோது இதே கோவில்கள் என்ன செய்துகொண்டிருந்தன? 1915ல் லண்டன் அத்தியக்ஷராயிருந்த விண்ணிங்டன் இங்கிராம் என்பவர், ஜெர்மானியரைக் கொல்லுவது ஒரு மகா சிலுவைப் போர் என்று பிரசங்க மேடையில் ஏறிப் பேசினார். நல்லவனையும் கெட்டவனையும், வாலிபனையும் கிழவனையும் பாராமல் கொல்ல வேண்டியதுதான் என்று போதித்தார். அங்கே ஜெர்மனியிலும் இதே கடவுளைப் பார்த்து வேறொரு பாதிரி இப்படியேதான் ஜெபம் செய்துகொண்டிருந்தான். போர்க்களத்தில் நடுங்கியும், புத்தி பேதலித்தும், ஓடியும் போன ஏழைச் சிப்பாய்களில் 306 பேரை அவர்களுடைய பட்டாளத்தாரே காலை நேரத்தில் கம்பத்தில் கட்டிச் சுட்டுக் கொன்றார்கள். பல ஊர்களில் அவர்கள் பேரை ஞாபகக் கல்லிலும் வெட்டவில்லை. 2006ல்தான் பார்லிமெண்டார் சட்டம் செய்து அவர்களுக்கு மன்னிப்புக் கொடுத்தார்கள். 90 வருஷம்! மன்னிப்பதற்கென்றே ஏற்பட்ட மதம் என்று சொல்லிக்கொள்ளும் சபை இருக்கிற நாட்டில், மன்னிப்பு வந்த வழி கோவில் வழியல்ல, பார்லிமெண்டு வழி.

இது வெள்ளைக்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் உள்ள சங்கதி. கறுப்பு மனிதன் செத்த சங்கதி வேறு. 1917ல் ஏகாதிபத்திய யுத்தக் கல்லறைக் கமிஷன் என்ற ஒன்று ஏற்பட்டது. அது சர்க்கார் ஸ்தாபனமே ஒழியக் கோவில் ஸ்தாபனமல்ல. ஆனாலும் கோவிலார் நினைவு நாளில் நினைப்பதெல்லாம் அந்தக் கமிஷன் வெட்டிவைத்த கல்லைப் பார்த்துத்தான். தளகர்த்தனுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், எந்த மதத்தானுக்கும் எந்த நிறத்தானுக்கும் ஒரே மரியாதை என்பது அதன் கொள்கை. கேட்பதற்கு எவ்வளவு அழகாயிருக்கிறது! அதே கமிஷனார் வைத்த ஒரு விசாரணைக் கமிட்டி 2021ல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்லுகிறது? இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை வெள்ளைக்காரரைப்போல் சமமாக நினைக்கப்படவில்லை என்றும், மேற்கொண்டு குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையில்கூட, பேர் சொல்லியோ அல்லது அடியோடோ நினைக்கப்படவேயில்லை என்றும் சொல்லுகிறது. இவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் ஆவர். துப்பாக்கி பிடித்தவர்களோடுகூட, துப்பாக்கி பிடித்தவனுக்கு மூட்டை சுமந்து, காய்ச்சலிலும் பேதியிலும் பட்டினியிலும் செத்தவர்கள் அநேகர் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்டு என்ற நாட்டுக்குக் கவர்னராயிருந்தவர், சாதாரணச் சுதேசிக்குக் கல்லறைக் கல்லின் அருமை தெரியாது என்று 1923ல் சொன்னாராம். அதாவது செத்தவனுடைய தாய்க்குத் துக்கம் தெரியாது என்று அர்த்தம்.

பறைச்சேரிச் சுடுகாடு வேறு, ஊர்ச் சுடுகாடு வேறு என்று வைத்திருக்கும் நமக்கு இந்தக் கவர்னர் பேச்சு புதிதாக இருக்காது. மனிதனுக்குள் உயர்வு தாழ்வு கற்பித்தவன், உயிர் போன பிறகாவது அதை விட்டுவிடுவான் என்று நினைத்தால் அது நமது ஏமாளித்தனமே. இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்பவர்கள் யாருக்காக நிற்கிறார்கள்? கல்லில் பேர் இருப்பவனுக்காக. கல்லில் பேர் இல்லாதவனுக்காக நிற்பது எத்தனை நிமிஷம்?

இனிப் பண்டிகைகளைப்பற்றிச் சிறிது சொல்லுவோம். பண்டிகை நாட்கள் அனாதி காலந்தொட்டு வருபவை, கடவுளால் விதிக்கப்பட்டவை என்று எந்த மதத்தானும் சொல்லுவான். இங்கிலாந்து சபையின் ஜெபப் புஸ்தகத்தில் மூன்று அரசியல் பண்டிகைகள் இருந்தன. 1649ல் ஜனங்களுக்கு விரோதமாக யுத்தம் செய்ததற்காகத் தலை வெட்டப்பட்ட முதலாவது சார்லஸ் ராஜாவை "ரத்த சாக்ஷி" ஆக்கி ஜனவரி 30-ந் தேதி துக்க நாள். அவன் மகன் திரும்பிப் பட்டத்துக்கு வந்ததற்காக மே 29-ந் தேதி சந்தோஷ நாள். பார்லிமெண்டை வெடி வைத்துத் தகர்க்கச் செய்த சதி கண்டுபிடிக்கப்பட்டதற்காக நவம்பர் 5-ந் தேதி. சுமார் 200 ஆண்டுகள் இவைகளுக்கென்று தனி ஆராதனையே நடந்தது. 1859ல் விக்டோரியா ராணி ஒரு உத்தரவு போட்டாள். மூன்று ஆராதனைகளும் புஸ்தகத்திலிருந்து போய்விட்டன. ஆகாயம் இடிந்து விழவில்லை. தலை வெட்டப்பட்ட ராஜா மட்டும் இன்றைய பஞ்சாங்கத்தில் தமது பழைய தேதியிலேயே மறுபடியும் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறார். அறுப்பின் பண்டிகை என்று பூசணிக்காயும் கதிர்க்கட்டும் கொண்டு வந்து கோவிலில் அடுக்குகிறார்களே, அதைச் சபையில் இன்றுள்ள மாதிரியில் துவக்கிவைத்தவர் கார்ன்வால் பிரதேசத்தில் மார்வென்ஸ்டோ என்ற ஊர்ப் பாதிரியாராகிய ஹாக்கர் என்பவர், ஆண்டு 1843. அதற்குள் இங்கிலாந்தில் ரயில் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. ரயிலுக்கு இளையதான பண்டிகையை ஆதாமுக்கு மூத்தது போல் கொண்டாடுவானேன்?

ஈஸ்டர் பண்டிகையன்று விழும் காணிக்கை அந்தந்த ஊர்க் குருவுக்கே சேருவது வழக்கமாயிருந்தது. இது அன்பளிப்பு, வருமானமல்ல, ஆகையால் வருமான வரி கிடையாது என்று ஒரு குரு வாதாடி, வழக்குப் பிரபுக்கள் சபை வரையில் போயிற்று. 1909ல் பிரபுக்கள், இது உத்தியோகத்தினால் வரும் வருமானமே, வரி கட்டு என்று தீர்ப்புச் சொன்னார்கள். கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாள் எந்த இலாகாவைச் சேர்ந்தது என்பது இவ்விதமாகத் தீர்மானமாயிற்று.

நிற்க, முக்கியமான கணக்குக்கு வருவோம். 1704ல் ஆன் ராணி ஏழைப் பாதிரிகளின் சம்பளத்தை உயர்த்துவதற்காக ஒரு நிதி ஏற்படுத்தினாள். அதற்கு ஆன் ராணி நிதி என்று பெயர். அந்த நிதிப் பணத்தில் பெருந்தொகையைத் தென்கடல் கம்பெனி என்னும் வியாபாரக் கம்பெனியின் பத்திரங்களில் போட்டு வட்டி வாங்கினார்கள். அந்தக் கம்பெனியின் வியாபாரங்களில் ஒன்று, ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துக் கப்பலேற்றி அமெரிக்காவில் விற்பது. 34,000 பேரைக் கொண்டுபோனதாக அந்த நிதியின் வாரிசுகளாகிய சபைக் கமிஷனர்களே விசாரித்து வெளியிட்டிருக்கிறார்கள். 2023ல் வெட்கப்படுகிறோம் என்று சொல்லி, 9 ஆண்டுகளில் 10 கோடி பவுன் ஒதுக்குவதாகவும் அறிவித்தார்கள். பணம் கப்பலில் நேரே போகவில்லை, வெறும் கடன் பத்திரத்தில்தான் இருந்தது என்று சில சரித்திரக்காரர் இப்போது அதை மறுத்து வாதாடுகிறார்கள். அந்த வாதத்துக்கு நாம் போக வேண்டியதில்லை. ஏனென்றால் வாதத்துக்கு இடமேயில்லாத கணக்கு ஒன்று இருக்கிறது.

1701ல் ஏற்பட்டது எஸ். பி. ஜி. என்னும் சுவிசேஷப் பிரசாரச் சங்கம். 1710ல் கிறிஸ்டபர் காட்ரிங்டன் என்னும் சீமான் சாகும்போது, பார்படோஸ் தீவிலிருந்த தமது இரண்டு கரும்புத் தோட்டங்களையும் அவைகளில் பாடுபட்ட சுமார் 300 அடிமைகளையும் இந்தச் சங்கத்துக்கு உயில் எழுதிவைத்தார். சங்கத்தார் என்ன செய்திருக்க வேண்டும்? பிறனை உன்னைப்போல் நேசி என்று போதிக்கப் புறப்பட்டவர்கள், முதல் வேலையாக அவர்களை விடுதலை செய்திருக்க வேண்டாமா? அவர்கள் செய்தது என்னவென்றால், அடிமைகளின் மார்பில் "சங்கம்" என்னும் இங்கிலீஷ் வார்த்தையைக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். நம்மூரில் கோவில் மாட்டுக்கு முத்திரை போடுவதில்லையா, அது போல. செத்துப்போன அடிமைகளுக்குப் பதிலாகப் புதிது புதிதாக விலைக்கு வாங்கினார்கள். இப்படியாக 120 ஆண்டுகளுக்குமேல் கரும்பு வெட்டிச் சர்க்கரை காய்ச்சிப் பணம் பண்ணினார்கள். கடைசியில் பார்லிமெண்டு 1833ல் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் செய்தபோது, "சொத்தை" இழந்ததற்காக நஷ்ட ஈடு கேட்டு வாங்கினார்கள். 411 பேருக்கு 8,823 பவுன் 8 ஷில்லிங் 9 பென்ஸ். ஒன்பது பென்ஸையும் விடவில்லை! நேர்மையான உக்கிராணக்காரர்களல்லவா? அந்த 411 பேருக்கு என்ன கிடைத்தது? கையில் ஒரு காசு இல்லை. மேலும் சில ஆண்டுகள் அதே எசமானனுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் கிடைத்தது.

தோழர்களே! இந்தச் சங்கம் எது தெரியுமா? நாசரேத்திலும், இடையன்குடியிலும், சாயர்புரத்திலும், முதலூரிலும் நம் பாட்டன்மாருக்குப் பள்ளிக்கூடம் வைத்த அதே எஸ். பி. ஜி. தான். தென்னிந்தியாவில் அவர்கள் 1826ல் மிஷன் வேலையை ஏற்றுக்கொண்டபோது பார்படோஸ் தோட்டத்தில் அடிமைகள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

உடனே சில கிறிஸ்தவ நண்பர்கள், "மிஷனாரிகள் வராதிருந்தால் உங்களுக்குப் படிப்பு ஏது? பனையேறிக்கும் பறையனுக்கும் பள்ளிக்கூட வாசலைத் திறந்தது யார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதை நாம் மறுக்கவில்லை. வேதம் படிக்காதே, தெருவில் நடக்காதே என்று சொன்ன கூட்டத்துக்கு நடுவே, வா படி என்று கூப்பிட்டவனை மறப்பது நன்றிகெட்டத்தனம். அதற்காகவேதான் கேட்கிறோம், அந்தப் பள்ளிக்கூடம் வைத்த சங்கத்தின் பெட்டியில் மார்பில் சூடு வாங்கினவனுடைய காசும் கிடந்ததா இல்லையா? கிடந்ததென்றால் நாம் நன்றி செலுத்த வேண்டியவர்களின் ஜாபிதாவில் அவன் பேர் ஏன் இல்லை? கல்வெட்டில் துரைமார் பேர் இருக்கிறது, அத்தியக்ஷர் பேர் இருக்கிறது, நன்கொடை கொடுத்த சீமாட்டி பேர் இருக்கிறது. கரும்பு வெட்டினவன் பேரை எங்கே போய்த் தேடுவது?

மேலும் அந்தத் துரைமார் நம்மை மதித்த மாதிரியும் தெரிந்ததே. கால்டுவெல் 1849ல் அந்நாளில் சாணார் என்று அழைக்கப்பட்ட மக்களைப்பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தங்களை அது கேவலப்படுத்துகிறது என்று கொதித்தவர்களில் ஒருவர் மிஷன் ஊழியராயிருந்த சட்டாம்பிள்ளை. 1857ல் அவர் நாசரேத்துக்கு அருகில் பிரகாசபுரத்தில் தனிச் சபையே கண்டார். வெள்ளைக்காரன் ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை ஓய்வு நாள். வெள்ளைக்காரன் பண்டிகை வேண்டாம், யூதருடைய பண்டிகை என்று மாற்றினார். ஒரு பஞ்சாங்கத்தை விட்டு இன்னொரு பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டது நமக்கு உடன்பாடில்லை. ஆனால் மானத்துக்காக எதிர்த்து நின்றதை மெச்சாமலிருக்க முடியாது. பண்டிகை நாளை மனிதன் வேண்டும்போது மாற்றலாம் என்பதையும் அவர் நன்றாய்க் காட்டிவிட்டார்.

பாதிரிகள் மேல் மாத்திரம் பழி போடுவதும் சரியல்ல. 1833ல் கல்கத்தா அத்தியக்ஷர் டானியேல் வில்சன், சபையில் ஜாதி வித்தியாசம் உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று உத்தரவு அனுப்பினார். அதை எதிர்த்தது யார்? நம்மவர்களே. ஒரே கோவிலில் ஒரே பாத்திரத்தில் ராப்போஜனம் வாங்க மாட்டோம் என்று தஞ்சாவூர்ப் பக்கத்து மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாக விலகிப் போனார்கள். பாட்டில் பேர்போன வேதநாயக சாஸ்திரியாரும் சில ஆண்டுகளுக்கு முன்பே ஜாதி ஆசாரத்துக்குப் பரிந்து எழுதியவர்தான். மதம் மாறினவன் ஜாதியை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு போன கதை இது.

பணத்தைப்பற்றி இன்னும் ஒரு சங்கதி. நம்மூர்க் குடியானவனுக்கு இது நன்றாய் விளங்கும். 1930-களில் விளைபொருள் விலை அடிபட்டுக் கிடந்தபோதும் சீமைக் குடியானவர்கள் கோவிலுக்குத் தசமபாக வரி கட்ட வேண்டியிருந்தது. சபையின் பங்கை வசூல் செய்தது வேறு யாருமல்ல, அதே ஆன் ராணி நிதிதான். கட்டாதவர்கள் வீட்டில் ஜப்தி. ஸபக் ஜில்லாவில் எல்ம்ஸெட் என்ற ஊரில் 1932ல் 385 பவுன் பாக்கிக்காக 1,200 பவுன் பெறுமான சொத்தை ஜப்தி செய்தார்கள். மாடுகள், கதிர்ப்போர்கள், அவைகளோடு குழந்தையின் படுக்கையும் போர்வையும்! அந்தக் குடியானவர் சும்மா இருக்கவில்லை. இன்னின்ன சாமான்கள், இன்ன தொகைக்காக எடுக்கப்பட்டன என்று எழுதி, கோவிலுக்கு நேர் எதிரே ஒரு ஞாபகக் கல் கட்டிவிட்டார். இன்றும் கோவிலுக்குப் போகிறவன் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நம் அபிப்பிராயத்தில், அந்தத் தேசத்தில் எத்தனையோ ஆயிரம் ஞாபகக் கற்கள் இருந்தாலும், முழுக் கணக்கோடு வெட்டப்பட்ட யோக்கியமான கல் அது ஒன்றுதான்.

அந்நிதியும் வேறொரு நிதியும் சேர்ந்து 1948ல் சபைக் கமிஷனர்களாயின. இன்று அவர்களிடமுள்ள மூலதனம் 1,000 கோடி பவுனுக்குமேல். இவ்வளவிருந்தும் சேகரத்தாரிடம் உக்கிராணத்துவப் பிரசங்கம் நின்றபாடில்லை. 2013ல் காண்டர்பரி பிரதம அத்தியக்ஷர், ஏழைகளுக்கு அவசரக் கடன் கொடுத்து ஆண்டுக் கணக்கில் 5,000 சதவிகிதத்துக்குமேல் வட்டி வாங்கிய வோங்கா என்ற கம்பெனியை ஒழித்துக் கட்டுவேன் என்று சூளுரைத்தார். மறுநாள் பார்த்தால், சபையின் பணமே வேறொரு நிதியின் வழியாக அந்தக் கம்பெனியில் போயிருந்தது தெரியவந்தது. அவருக்கே அது தெரியாதாம். நாம் அதை நம்புகிறோம். தன் எசமானுடைய பணம் எங்கே மேய்கிறது என்று தெரியாதவனுக்கு உக்கிராணக்காரன் என்று எதற்குப் பெயர் என்பதுதான் நமது சந்தேகம்.

நம் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஏழைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துக் கோவிலுக்கென்று கலயத்தில் போட்டு வைப்பார்கள். அசனப் பண்டிகை என்று ஒரு நாள் ஊரே கூடி வரிசையாக உட்கார்ந்து ஒரே சோறு ஒரே குழம்பு சாப்பிடுவார்கள். ஜெபத்தையும் பாட்டையும் கழித்துவிட்டுப் பார்த்தால் பண்டிகை என்று சொல்லத்தக்கது இதுதான். ஜாதி பாராமல் பந்தியில் உட்காருவதைவிடப் பெரிய ஆராதனை எந்தக் கோவிலில் நடக்கிறது? ஆனால் கைப்பிடி அரிசி போட்ட கிழவிக்கு, அது எத்தனை மூட்டையாயிற்று, என்ன விலைக்குப் போயிற்று, எந்தப் பிள்ளை அதனால் படித்தான் என்று கேட்க உரிமையுண்டா? அதைக் கேட்டால் விசுவாசக் குறைவு என்று வாயை மூடாமல், அசனப் பந்தியிலேயே கணக்கை உரக்க வாசிக்கத் தயாரா? அந்தப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவனைத் தன் ஜாதிக் கல்லறைக்குப் பக்கத்திலும் படுக்கவிடச் சம்மதமா?

சீமைச் சபையார் 2006ல் தங்கள் மகாசபையில் அடிமை வியாபாரத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். எஸ். பி. ஜி. யின் வாரிசுச் சங்கம் 2023ல் பார்படோஸ் ஜனங்களுக்காக 70 லக்ஷம் பவுன் செலவழிப்பதாகச் சொல்லியிருக்கிறது. சந்தோஷம். வில்பர்போர்ஸ், கிளார்க்ஸன் முதலிய அடிமை ஒழிப்பு வீரர்களுக்கும், அடிமையாயிருந்து விடுதலையடைந்த எக்குவியானோவுக்கும் சேர்த்து ஜூலை 30-ந் தேதி சபைப் பஞ்சாங்கத்தில் நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் சந்தோஷம். அடிமைகளைச் சொத்தாகக் கணக்கில் எழுதி, தலைக்கு இவ்வளவு என்று கூட்டிப் பணம் வாங்கத் தெரிந்த ஸ்தாபனத்துக்கு, அதே கணக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு பேர் வாசிக்கத் தெரியாதா? வருகிற நவம்பரில் கோவில் மணியடித்து இரண்டு நிமிஷம் மௌனமாக நின்ற பிறகு, அந்த 411 பேரையும் வாசிக்கட்டும். நாசரேத்திலும் இடையன்குடியிலும் நம்மவர்களும் எழுந்து நின்று கேட்கிறோம்.